தன் பாட்டை மறந்தவர்: ப்ளூஸ் இசைக்கு ஓர் அறிமுகம்

1964ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரத்து வீடொன்றில் இரண்டு பேர் கிட்டாரும் கையுமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஒல்லியான கறுப்பினப் பெரியவர். வயது 62, கை நடுங்குகிறது. மற்றவர் தடித்த கண்ணாடி போட்ட வெள்ளைக்கார இளைஞர், இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமான வயது. இளைஞர் ஒரு பாட்டை வாசித்துக் காட்டுகிறார். 1930இல் இதை இப்படி வாசித்தீர்கள், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்கிறார். பெரியவர் கேட்டுக்கொண்டு விரலைத் தேடித் தேடி வைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. அந்தப் பாட்டு பெரியவருடையதுதான்.

அவர் பெயர் சன் ஹவுஸ். முழுப்பெயர் எடி ஜேம்ஸ் ஹவுஸ் ஜூனியர். 'சன்' என்பது இங்கே சூரியன் அல்ல, மகன். தகப்பனார் பெயரே பிள்ளைக்கும் வைக்கப்பட்டதால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். இளைஞர் ஆலன் வில்சன்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்வேன். 'சோகப் பாட்டு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. சோகம் எந்த நாட்டுப் பாட்டில்தான் இல்லை? அதைவிட, ஒரு மனிதர் தன் பாட்டையே மறந்துபோனார் என்றால் எதை மறந்தார் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல வழி.

சொற்களையா? சொற்கள் அமர்ந்திருக்கும் சட்டம் மிக எளிது. ஒரு வரியைப் பாடு. அதையே மறுபடி பாடு. மூன்றாவதாக, அந்த வரிக்குப் பதிலாக அமையும் ஒரு வரியைப் பாடு. விளக்கத்துக்காக நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்:

ரயில் வரும் நேரம் தெரியும், என்னை ஏற்றிக்கொள்ளுமா தெரியாது
ஆமாம், ரயில் வரும் நேரம் தெரியும், என்னை ஏற்றிக்கொள்ளுமா தெரியாது
பையில் இருந்த சில்லறையை எண்ணிப் பார்த்தேன், பாதி வழிக்கும் போதாது

கவிதை சுமார்தான். ஆனால் அமைப்பு தெரிகிறதல்லவா? முதல் வரி ஒரு கவலையை எடுத்து வைக்கிறது. இரண்டாம் முறை அதைக் கேட்கும்போது நமக்குள் ஓர் எதிர்பார்ப்பு எழுகிறது. பாடுபவருக்கோ மூன்றாவது வரியை யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. மூன்றாவது வரி சிலசமயம் அழ வைக்கும், சிலசமயம் குத்திக் காட்டும், பல சமயம் சிரிக்க வைக்கும். ப்ளூஸில் சிரிப்பு நிறைய உண்டு.

இந்த மூன்று வரிகளும் நான்கு நான்கு தாளச் சுற்றுகளாக, மொத்தம் பன்னிரண்டில் முடியும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு அடி. பின்னணியில் மூன்றே மூன்று கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் கூட்டொலிகள். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் ஸட்ஜம், சுத்த மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்றின் மேல் எழுப்பப்பட்டவை. முதல் வரி ஸட்ஜத்தில் நிற்கும். இரண்டாவது மத்யமத்துக்குப் போய்த் திரும்பும். மூன்றாவது பஞ்சமத்தில் ஏறி மத்யமம் வழியாக ஸட்ஜத்துக்கு இறங்கி வீடு சேரும். பாடுபவர் தன் வரியை ஒதுக்கப்பட்ட இடம் முழுக்க இழுக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிடுவார். மிச்ச இடத்தில் கிட்டார் பேசும். ஒருவரே உட்கார்ந்து பாடினாலும் கேள்வியும் பதிலுமாக இரண்டு குரல்கள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இதைப் படித்துவிட்டு சன் ஹவுஸின் பதிவைப் போட்டு, விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். ஏமாந்துபோவீர்கள். அவர் ஓரிடத்தில் அவசரமாக அடுத்த வரிக்குத் தாவுவார், இன்னோரிடத்தில் கிட்டாரை இஷ்டம்போல் ஓடவிடுவார். ஒரே கார்டில் வெகுநேரம் நின்றுவிடுவதும் உண்டு. தனியாக வாசிப்பவர் யாருக்காக எண்ண வேண்டும்? பக்கத்தில் டிரம்ஸும் பியானோவும் சேர்ந்தால்தான் எல்லோருக்கும் பொதுவான கணக்கு தேவைப்படுகிறது.

அடுத்து ஸ்வரம். மேலை இசையில் பியானோவுக்கு வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை என்று இடம் திட்டமாக இருக்கிறது. ப்ளூஸ் பாடுபவர் அந்தக் கட்டைகளுக்கு நடுவே போய் உட்காருவார். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் குரல் ஊசலாடும். அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அதற்குத்தான் 'ப்ளூ நோட்' என்று பெயர். கிட்டாரில் இதை எப்படிக் கொண்டுவருவது? உலோகக் கட்டைகள் குறுக்கே நிற்கின்றனவே. அதற்கு மிசிசிப்பி மாநிலத்து டெல்டா பகுதிக்காரர்கள் கண்ட வழி, உடைந்த பாட்டிலின் கழுத்தையோ ஒரு துண்டு உலோகக் குழாயையோ விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிச் செல்வது. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சன் ஹவுஸின் கையில் அந்தக் குழாய் மெதுவாக வழுக்காது; தந்தியை அறையும். தந்தி வெடித்துத் துடிக்கும். காலும் தரையை ஓங்கி மிதிக்கும்.

அவர் மறந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். எந்தத் தாளிலும் எழுதப்படாமல் கையில் மட்டுமே இருந்த விஷயம் இது. கை அதைப் பல ஆண்டுகள் தொடவே இல்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது 1902 மார்ச் 21 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் லயன் என்ற சிற்றூரில். அந்தப் பகுதியை டெல்டா என்கிறார்கள். நம் காவிரி டெல்டா போல ஆறு கடலோடு சேரும் இடமல்ல அது. மிசிசிப்பி, யாசூ ஆகிய இரு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி. கறுப்பு மண், பருத்தி, பருத்தி, மேலும் பருத்தி. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும், கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்கார முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தன. விதை, கோவேறு கழுதை, அரிசி பருப்பு எல்லாம் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வரும். அறுவடை முடிந்ததும் முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். பெரும்பாலும் உழுதவன்தான் பாக்கி வைத்திருப்பான். வாரக்கடைசியில் ஏதாவது ஒரு வீட்டில் சாமான்களை ஒதுக்கிவிட்டு, சாராயமும் மீன் வறுவலும் கிட்டாருமாக விடிய விடிய ஆடுவார்கள். ப்ளூஸ் அங்கே வளர்ந்த இசை. நடனத்துக்கான இசை என்பதை மறந்துவிடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், சன் ஹவுஸுக்கு அந்த இசை ஆகவே ஆகாது. அவர் தேவாலயப் பிள்ளை. பதினைந்து வயதிலேயே பிரசங்கம் செய்யத் தொடங்கியவர். கிட்டாரைத் தொடுவதே பாவம் என்று நம்பினார். 25 வயதில் ஒருநாள், யாரோ கிட்டாரில் குழாயை வழுக்கி வாசிப்பதைக் கேட்டு நின்றார். அத்தோடு சரி. ஒன்றரை டாலருக்கு ஓட்டைக் கிட்டார் ஒன்றை வாங்கினார். பிரசங்கியின் குரல் அப்படியே இருந்தது. அது சொல்லும் விஷயம் மட்டும் மாறியது. ஒரு பாட்டில், பாப்டிஸ்ட் பிரசங்கியாகிவிட்டால் வேலை செய்யாமல் பிழைக்கலாம் என்று கிண்டல் வேறு செய்திருக்கிறார். ஆனால் பாவம் செய்கிறோம் என்ற உறுத்தல் கடைசிவரை அவரை விடவில்லை. அவர் பாட்டில் கேட்கும் இறுக்கம் இந்த இழுபறியால் வந்தது என்பது என் கணிப்பு.

1928இல் ஒரு விருந்துக் கூத்தில் துப்பாக்கிச் சண்டை. ஒருவன் கண்டபடி சுட, ஹவுஸுக்குக் காலில் குண்டு பாய்ந்தது. இவர் திருப்பிச் சுட்டதில் அவன் இறந்துபோனான். 15 ஆண்டு தண்டனை விதித்து பார்ச்மன் பண்ணைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கைதிகளுக்கு வேலை பருத்திக் காட்டில்தான். இரண்டு ஆண்டுகள் போல இருந்திருப்பார். நீதிபதி ஒருவர் வழக்கை மறுபடி பார்த்து விடுவித்தார், ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. போன இடம் லூலா. அங்கே டெல்டாவின் பெரிய நட்சத்திரமான சார்லி பேட்டன் இருந்தார். கிட்டார் வாசிப்பவர் வில்லி பிரவுனும் நண்பரானார்.

1930இல் பேட்டன் இவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டன் ஊருக்குப் போனார், இசைத்தட்டில் பாட. பாரமவுண்ட் என்ற அந்த இசைத்தட்டு நிறுவனம் ஒரு நாற்காலி உற்பத்தி நிறுவனத்துக்குச் சொந்தமானது! கிராமபோன் பெட்டியும் மரச்சாமான்தானே. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் போட தட்டு வேண்டும் என்று ஆரம்பித்த வியாபாரம். கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்று தனிப்பட்டியல் வைத்து விற்றார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால், ஹவுஸின் நீண்ட பாட்டுகளைப் பாதியில் வெட்டி முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று தட்டின் இரு பக்கமும் போட்டார்கள். கையில் 40 டாலர் கிடைத்தது என்று பிற்காலத்தில் சொன்னார். பருத்திக் காட்டில் அவ்வளவு பணம் சேர்க்க மாதக்கணக்கில் முதுகு ஒடிய வேண்டும்.

ஆனால் காலம் சரியில்லை. முந்திய ஆண்டுதான் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியிருந்தது. சோற்றுக்கே வழியில்லாதவன் இசைத்தட்டா வாங்குவான்? தட்டுகள் விற்கவில்லை, சில ஆண்டுகளில் பாரமவுண்டும் படுத்துவிட்டது. ஹவுஸ் டெல்டாவுக்குத் திரும்பி டிராக்டர் ஓட்டினார், சனிக்கிழமைகளில் பாடினார். அவரைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த இரண்டு பையன்கள் பின்னாளில் அவரைவிடப் பெரிய பெயர் ஆனார்கள்: ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ். ராக் இசையின் வேர் தேடிப் போகிறவர்கள் இந்த இருவரிடம் வந்து நிற்பார்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் சன் ஹவுஸ்.

1941, 1942 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரித்துக்கொண்டிருந்த ஆலன் லோமாக்ஸ் வந்து அவரைப் பதிவு செய்தார். முதல் ஆண்டுப் பதிவு ரயில் பாதையை ஒட்டிய ஒரு மளிகைக் கடையில் நடந்தது. பாட்டுக்குப் பின்னால் ரயில் போகும் சத்தம் இன்றும் கேட்கிறது. அதற்குக் கூலியாக ஒரு பாட்டில் கோகோ கோலா கிடைத்தது, நல்ல ஜில்லென்று இருந்தது என்று பின்னாளில் ஹவுஸ் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிப்பா குத்தலா என்று பிரிக்க முடியாத அந்தத் தொனிதான் ப்ளூஸின் மூன்றாவது வரி.

1943இல் மிசிசிப்பியை விட்டுக் கிளம்பினார். லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் குடியேறி, ரயில்வேயில் போர்ட்டர் வேலைக்குச் சேர்ந்தார். 1952இல் வில்லி பிரவுன் இறந்த செய்தி வந்தது. கூட வாசித்த துணை போய்விட்டது. கிட்டாரை வைத்துவிட்டார். அவர் என்னவாக இருந்தார் என்பது அக்கம்பக்கத்தவருக்கே தெரியாமல் போயிற்று.

இதற்கிடையே, அவர் பாடிய தட்டுகளுக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியிருந்தது. விற்காமல் போனதாலேயே அவை அபூர்வப் பொருளாகிவிட்டன. 1950களில் வடக்கே சில வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய தட்டுகளைத் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். கீறல் விழுந்த தட்டில் இரைச்சலுக்கு நடுவே கேட்ட குரல்களுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. 1963இல் மிசிசிப்பி ஜான் ஹர்ட் கிடைத்தார். அவர் 1928இல் பாடிய பாட்டில் அவலான் என்று தன் ஊர்ப்பெயரைச் சொல்லியிருந்தார். பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் போனால், மனிதர் அங்கேயே விவசாய வேலை செய்துகொண்டிருந்தார். 1964 ஜூனில் ஸ்கிப் ஜேம்ஸை டூனிகா ஊர் மருத்துவமனைப் படுக்கையில் கண்டுபிடித்தார்கள்.

அதே ஜூனில் டிக் வாட்டர்மன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ என்ற மூன்று பேர் நியூயார்க் எண்பலகை மாட்டிய ஃபோக்ஸ்வேகன் காரில் மிசிசிப்பிக்குள் போனார்கள். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவு செய்ய வடக்கிலிருந்து மாணவர்கள் வந்திறங்கிய கோடைக்காலம் அது. அந்த மாதம்தான் மூன்று உரிமைப் போராட்ட இளைஞர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். வெளியூர் வண்டியில் போய்க் கறுப்பினக் குடிசைகளின் கதவைத் தட்டுவது உயிரோடு விளையாடும் வேலை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் தெரிந்தது என்ன? ஆள் மிசிசிப்பியிலேயே இல்லை. அவர்கள் கிளம்பி வந்த மாநிலத்திலேயே, ராச்செஸ்டரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் இருபது வருடமாக இருந்தார்.

இந்த நிகழ்ச்சிகளை 'மறுகண்டுபிடிப்பு' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் தொலைந்து போகவில்லையே. வேலைக்குப் போனார், வாடகை கட்டினார், குடித்தார், தேவாலயத்துக்கும் போனார். தேடியவர்களின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் அவர்கள் தேடாமல் இருந்திருந்தால் நமக்கு இன்று கேட்கக் கிடைப்பதில் பெரும்பகுதி இல்லை. இரண்டும் உண்மைதான்.

வீட்டில் கிட்டார்கூட இல்லை. கையில் கொடுத்தால் பழைய வாசிப்பு வரவில்லை. அப்போதுதான் ஆலன் வில்சன் வருகிறார். ஹவுஸின் பழைய பதிவுகளைத் தேய்ந்து போகுமளவுக்குக் கேட்டு, ஒவ்வொரு விரல் நகர்வையும் தன் கையில் ஏற்றி வைத்திருந்தவர். இதைப் பற்றி வாட்டர்மன் சொன்னது பிரபலம்: சன் ஹவுஸைப் போல் வாசிக்கச் சன் ஹவுஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆலன் வில்சன். கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் வாய்மொழி இசையில் எப்போதும் நடப்பதுதான் இது. ஹவுஸின் கையிலிருந்து ராபர்ட் ஜான்சன் கைக்குப் போனது போல, தட்டு வழியாக இந்த இளைஞரின் கைக்கும் போயிருந்தது. இப்போது போன வழியே திரும்பி வந்தது.

திரும்பி வந்தது பழைய சரக்கு மட்டும் என்றால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. 1965 ஏப்ரலில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காக ஒரு முழு ஆல்பம் பதிவானது. தயாரித்தவர் ஜான் ஹேமண்ட். அதில் உள்ள 'டெத் லெட்டர்' என்ற பாட்டின் கரு, காதலி இறந்துவிட்டதாகக் கடிதம் வரும் அந்தக் காட்சி, 1930இல் 'மை பிளாக் மாமா' தட்டின் இரண்டாம் பாகத்திலேயே இருக்கிறது. அன்று மூன்று நிமிடச் சிறைக்குள் மூச்சுத் திணறிய பாட்டு, இப்போது அடக்கம் வரைக்கும் நிதானமாக நடந்து போகிறது. புதிய ஆல்பத்தில் நேரக் கணக்கு அவ்வளவு கறாராக இல்லை. அதே ஆல்பத்தில் கிட்டாரே இல்லாமல், கைதட்டலை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பாட்டுகளும் உண்டு. பழைய பிரசங்கியை நேரில் கேட்க வேண்டுமானால் அவற்றைக் கேட்க வேண்டும்.

மேடைகள் வந்தன. 1967இல் ஸ்கிப் ஜேம்ஸ், புக்கா ஒயிட் ஆகியோரோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனார். உலோக உடம்பு கொண்ட நேஷனல் கிட்டாரை மடியில் வைத்து, கண் செருகி, தலையை அண்ணாந்து அவர் பாடும் படச்சுருள்கள் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கல்லூரி மாணவர்கள். ஒருவரும் ஆடவில்லை, தேவாலயத்தில் இருப்பது போல் அமைதியாகக் கேட்டார்கள். கறுப்பின இளைஞர்களோ அப்போது சோல் இசைக்கு நகர்ந்திருந்தார்கள். பருத்திக் காட்டை நினைவூட்டும் பாட்டு அவர்களுக்கு எதற்கு? குடியும் அவரை விடவில்லை. குடிக்காவிட்டால் கை நடுங்கும், அதிகம் குடித்தால் வாசிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவரை மேடையேற்றுவது வாட்டர்மனுக்குப் பெரும்பாடாக இருந்தது. சில இரவுகள் மோசமாகவே போயின. 1970களின் நடுவில் உடல்நலம் குன்றி ஓய்ந்தார், டெட்ராய்ட் நகரில் குடியேறினார்.

முதல்முறை கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1930இன் 'மை பிளாக் மாமா' இரண்டாம் பாகத்தைப் போடுங்கள். இரைச்சல் அதிகம், பாதிச் சொற்கள் புரியாது, பரவாயில்லை. உடனே 1965இன் 'டெத் லெட்டர்'. பிறகு அதே ஆல்பத்தில் 'எம்பயர் ஸ்டேட் எக்ஸ்பிரஸ்'. அது ஹவுஸ் போர்ட்டராக வேலை பார்த்த ரயிலின் பெயர். கவனித்துக் கேட்டால் அதில் இரண்டு கிட்டார்கள் ஓடுவது தெரியும். இரண்டாவது கிட்டார் ஆலன் வில்சனுடையது. அந்த இளைஞர் பிறகு 'கேன்ட் ஹீட்' என்ற குழுவைத் தொடங்கிப் புகழ்பெற்று, 1970இல் தன் 27வது வயதில் இறந்துபோனார். சன் ஹவுஸ் 1988 அக்டோபர் 19 வரை இருந்தார். அப்போது அவருக்கு வயது 86.